தின்பதற்கு முன்னால் நடப்பது

எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரு சிலந்தி வீடியோ அவ்வப்போது சுற்றிவிட்டு மறுபடி வந்து நிற்கும். பருத்த கறுப்புப் பெண் சிலந்தி, அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு மிகச் சிறிய ஆண். அரை நிமிடத்தில் ஆண் உணவாகிவிடும். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள், மனைவி ஜோக்குகள், "கல்யாணம்னா சும்மாவா" வகையறா. ஜோக்கு பழசு என்பதைக்கூட விட்டுவிடலாம். வீடியோ தொடங்கும் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. ஆண் ஏற்கெனவே பெண்ணின் மேல் ஏறிவிட்ட பிறகுதான் படம் ஆரம்பிக்கிறது. அதற்கு முன் அந்த ஆண் எவ்வளவு நேரம் வலையின் ஓரத்தில் நின்று தன் தகுதியைக் காட்டிக்கொண்டிருந்தது, அதற்கு முன்னால் வந்த எத்தனை ஆண்களை அந்தப் பெண் திருப்பி அனுப்பியது என்பதெல்லாம் வெட்டுப்பட்டுவிட்டது. தின்பது கடைசிக் காட்சி. அந்தக் காட்சியும் எல்லாச் சிலந்திகளுக்கும் கிடையாது. இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டன. பெண் ஆணைத் தின்பது வாடிக்கையாக நடப்பது அவற்றில் ஒரு சிறு பகுதியில்தான்.

ஜன்னல் சட்டத்தில் குதிக்கும் சிலந்தி ஜோடி ஒன்றை நின்று பார்த்திருக்கிறேன். ஆண் முன்னங்கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து வந்தது. கொஞ்சம் நெருங்கும், சட்டென்று நிற்கும், முகத்துக்கு முன்னால் இருக்கும் குட்டிக் கைகளைப் படபடவென்று ஆட்டும், மறுபடி பக்கவாட்டில் நகரும். பெண் அசையவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. உற்றுப் பார்த்தால், ஆண் எந்தப் பக்கம் போனாலும் தன் முன்பக்கப் பெரிய கண்கள் இரண்டும் அதற்கு நேராக இருக்கும்படி உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தது. ஆண் ஓடிப்போய் முன்னால் நின்று முதலிலிருந்து ஆரம்பித்தது. பெண் சட்டத்தின் இடுக்குக்குள் போய்விட்டது. யாரும் யாரையும் தின்னவில்லை. அந்த ஆணுக்குக் கிடைத்தது ஒரு 'வேண்டாம்', அவ்வளவுதான்.

அந்த 'வேண்டாம்' பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பெண் சிலந்தியின் பல்லைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள்.

அதற்கு முன், ஆணின் உடம்பைப் பற்றி ஒரு விஷயம். விந்து சுரப்பது வயிற்றுப் பகுதியில். அதைப் பெண்ணிடம் சேர்க்கும் வேலையோ முகத்துக்கு முன்னால் இருக்கும் அந்தக் குட்டிக் கைகளுடையது. பெடிபால்ப் என்பார்கள். இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ளுக்குள் குழாய் எதுவும் கிடையாது. அதனால் வயதுக்கு வந்த ஆண், சின்னதாக ஒரு வலை பின்னி, அதில் விந்துத் துளியை விட்டு, பேனாவுக்கு மை நிரப்புவது போல இரண்டு கைகளிலும் உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. வலை கட்டிப் பிழைக்கும் பல இனங்களில், இதற்குப் பிறகு ஆண் இரை பிடிக்க வலை கட்டுவதையே விட்டுவிட்டுப் பெண்ணைத் தேடி அலையக் கிளம்பிவிடும். பெண்ணின் பக்கமும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாங்கிய விந்தை உடனே செலவழிக்காமல் பைகளில் சேமித்துவைத்து, முட்டையிடும்போது எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களின் விந்து அங்கே சேரலாம். ஆகவே இணைசேர்ந்துவிட்டதாலேயே ஆண் ஜெயித்துவிட்டதாகக் கணக்கில்லை. எவ்வளவு நேரம் அனுமதி கிடைத்தது, அடுத்தவனுக்கு வாசல் திறக்குமா, யாருடைய விந்து முட்டையைச் சேரும் என்று போட்டி அதற்கப்புறமும் நீள்கிறது.

பார்ப்பவளும் ஆடுபவனும்

டார்வின் 1871-ல் பாலியல் தேர்வு பற்றி எழுதிய நூலில் சிலந்திகளுக்கும் இடம் கொடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்வீடன் இயற்கையியலாளர் டி கீர் பார்த்த ஒரு காட்சியை அதில் எடுத்துச் சொல்கிறார். கொஞ்சிக்கொண்டிருந்த ஆணைப் பெண் பிடித்து, நூலால் சுற்றி, தின்றுவிட்டது. பார்த்தவருக்குத் திகிலும் கோபமும் வந்ததாம். வீடியோ இல்லாத காலத்திலும் முதலில் பரவியது இந்தக் காட்சிதான்! ஆனால் டார்வினுக்கு நிஜமாகத் தேவைப்பட்டது வேறு. பெண் விலங்குகள் பார்த்து, ஒப்பிட்டு, தேர்ந்தெடுக்கின்றன, அந்தத் தேர்வு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து ஆண்களின் நிறத்தையும் ஆட்டத்தையும் உருவாக்குகிறது என்பதுதான் அவருடைய வாதம். இயற்கைத் தேர்வை அவரைப் போலவே தனியாகக் கண்டறிந்த வாலஸே இதை ஏற்கவில்லை. ஆணின் பகட்டு அதன் உடல் வலுவிலிருந்து தானாகப் பொங்கி வருவது, பெண்ணின் ரசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி.

இந்தச் சண்டைக்குள் சிலந்திகளோடு நுழைந்தவர்கள், அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் தம்பதி. குதிக்கும் சிலந்திகளைப் பெட்டிகளில் வைத்து, எந்த இனத்து ஆண் எந்தக் காலைத் தூக்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று படம் வரைந்து, 1889-லும் 1890-லும் வெளியிட்டார்கள். எந்த இனத்துக்கு முன்னங்காலில் நிறம் இருக்கிறதோ அது முன்னங்காலைக் காட்டுகிறது, முகத்தில் நிறம் இருப்பது முகத்தைக் காட்டுகிறது, பெண் கவனமாகப் பார்க்கிறது. வலுவினால் மட்டும் வரும் துள்ளல் என்றால் இவ்வளவு பொருத்தமாக ஏன் அமைய வேண்டும்? பெக்கம் தம்பதி டார்வின் பக்கம் நின்றார்கள். ஒரு பூச்சிப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்து வாலஸுக்குப் பதில் சொன்ன அந்தத் தைரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிற்பாடு வந்த மயில் சிலந்தி வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாக்காரச் சிலந்தி, அரை சென்டிமீட்டர் நீளம், வயிற்றின் இரு பக்கமும் மடித்து வைத்திருக்கும் வண்ண மடலைத் தூக்கி விரித்து ஆடும். 1874-லேயே விவரிக்கப்பட்ட இனம்தான். ஆனால் வீடியோவில் தெரியாத ஒன்று உண்டு. 2011-ல் லேசர் கருவி வைத்து அளந்தபோது, அந்த ஆண் ஆடுவதோடு நிற்காமல் தரையையும் அதிரவைக்கிறது என்று தெரிந்தது. பெண் அதைக் காலால் கேட்கிறது. நாம் ஒலியை அணைத்துவிட்டு நடனக் கச்சேரி பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிறத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது. வண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்பு, மேலே விழும் ஒளியில் ஏறக்குறைய எதையும் திருப்பி அனுப்பாத அளவுக்குக் கறுப்பு. பக்கத்து நிறம் தானாகவே ஒளிர்வது போலத் தெரிவதற்கு அது உதவுகிறது என்று 2019-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

ரசனை பிறவியிலேயே முழுக்க எழுதிவைக்கப்பட்டது என்றும் சொல்ல முடியாது. ஓநாய்ச் சிலந்தி ஒன்றில் ஐலீன் ஹெபெட்ஸ் செய்த சோதனை 2003-ல் வெளிவந்தது. ஆண்களின் முன்னங்காலில் நகப்பூச்சு தடவினார். சிலவற்றுக்குக் கறுப்பு, சிலவற்றுக்குப் பழுப்பு. இன்னும் வயதுக்கு வராத பெண்களிடம் ஏதாவது ஒரு நிறத்து ஆண்களை மட்டும் காட்டினார். அந்தப் பெண்கள் வளர்ந்த பிறகு, முன்பு பார்த்துப் பழகிய நிறத்தையே அதிகம் ஏற்றன. பழகாத நிறத்தோடு வந்த ஆண், இரையாகிப் போகும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இந்தச் சோதனையில் பல்லும் தேர்வும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த ஆண் செத்தது 'பெண் கொடியவள்' என்பதால் இல்லை. சின்ன வயதில் அந்தப் பெண் பார்த்தது வேறு நிறத்து ஆட்டத்தை.

ரெட்பேக் கணக்கு

இனி அந்த வீடியோவின் நாயகிக்கு வருவோம். முதுகில் சிவப்புப் பட்டை கொண்ட ஆஸ்திரேலியாவின் ரெட்பேக். பெண்ணின் எடையில் ஆண் ஒன்றிரண்டு சதவீதம்தான் தேறும். பெண் ஆணைத் தின்பதில் ஆணுக்கே லாபம் உண்டு என்ற கருத்து முன்பே இருந்தது. தன் உடம்பைத் தந்தைக் கடமையாகக் கொடுத்துவிட்டுப் போகிறது என்ற மாதிரி. பரிணாமத்தைப் பற்றிச் சுவையாக எழுதிய ஸ்டீபன் ஜே கூல்ட் 1984-ல் இதைக் கேள்வி கேட்டார். இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது, செத்த ஆணுக்கு உண்மையில் என்ன மிச்சம், ஆதாரம் எங்கே? நியாயமான கேள்வி. அழகான கதை கிடைத்துவிட்டால் அதற்கு ஆதாரம் தேட யாருக்கும் மனம் வராது.

பதில் 1996-ல் மெய்டியான் ஆண்ட்ரேட் வெளியிட்ட ஆய்வில் வந்தது. இந்த இடத்தைப் படித்தபோதுதான் சிலந்திகளைப் பற்றி நான் யோசிக்கும் விதமே மாறியது. ரெட்பேக் ஆண் விந்தைச் செலுத்தத் தொடங்கியதும், பெண்ணின் வயிற்றில் தலையை ஊன்றி, ஒரு குட்டிக்கரணம் போடுகிறது. கரணம் முடியும்போது அதன் முதுகுப்பக்கம் சரியாகப் பெண்ணின் வாய்க்கு மேலே கிடக்கிறது. பெண் துரத்திப் பிடிக்கவில்லை. ஆண் கொண்டுபோய் வைத்தது. பெண் அங்கேயே செரிமான நீரை உமிழ்ந்து தின்ன ஆரம்பிக்கிறது. அதே நேரத்தில் ஆணின் கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

ஏறக்குறைய 65 சதவீதம் புணர்ச்சிகளில் ஆண் தின்னப்பட்டது. தின்னப்பட்ட ஆண்களின் புணர்ச்சி சராசரியாக 25 நிமிடம் நீடித்தது, பிழைத்தவற்றுக்கு 11 நிமிடம். இன்னோர் ஆணோடு போட்டி இருக்கும்போது, தின்னப்பட்டவை சுமார் இரு மடங்கு முட்டைகளுக்குத் தந்தையாயின. ஓர் ஆணைத் தின்று முடித்த பெண்கள், அடுத்து வந்தவனைத் தள்ளிவிடுவதும் அதிகம். சரி, உயிரோடு இருந்தால் இன்னொரு பெண்ணைத் தேடிப் போகலாமே என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு முடிகிறது. ஒரு பெண்ணைத் தேடிப் போகும் பயணத்திலேயே பத்தில் எட்டு ஆண்களுக்கு மேல் செத்துப்போகின்றன. இன்னொரு வாய்ப்பு என்பது பெரும்பாலும் பேச்சளவில்தான். கையில் இருக்கும் ஒரே வாய்ப்பில் எல்லாவற்றையும் போட்டுவிடுவது நஷ்டமில்லை.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஆணுக்குக் கைகள் இரண்டு, பெண்ணிடம் பைகளும் இரண்டு. முதல் கரணத்திலேயே செத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். அதனால் ஆண் தன் வயிற்றின் நடுவே ஓர் இடுப்பு போல உடம்பை இறுக்கிச் சுருக்கிக்கொள்கிறது. முதல் தடவை கடிபட்டாலும் முக்கிய உறுப்புகள் தப்புகின்றன. இறங்கிப் போய், மறுபடி வலையைத் தட்டி, மறுபடி ஏறி, இரண்டாவது கையையும் பயன்படுத்துகிறது. பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் முடிவு. உயிரைக் கொடுப்பது என்று நாம் சொல்வதற்குள் இவ்வளவு சிக்கனம் ஒளிந்திருக்கிறது.

பெண்ணின் பக்கத்துக் கணக்கு இதைவிடக் கறாரானது. ரெட்பேக் ஆண் வலையை அதிரவைத்துக் காதல் சொல்வது மணிக்கணக்காக நடக்கும். ஆண்ட்ரேட்டும் ஜெஃப்ரி ஸ்டோல்ட்ஸும் பிற்பாடு கண்டது: சுமார் 100 நிமிடத்துக்குக் குறைவாகத் தட்டிய ஆண்களை, முதல் புணர்ச்சியோடு தின்று முடித்துவிடும் வாய்ப்பு அதிகம். அதாவது இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பொறுமையாகத் தட்டியவனுக்கு இரண்டாவது கையும் உண்டு. பெண்ணின் பல், நேரம் பார்த்து இறங்குகிறது. ஆனால் இந்தத் தேர்வுமுறையில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. வலையில் ஒருவன் உழைத்துத் தட்டிக்கொண்டிருக்கும்போது, பிந்தி வந்த இன்னொருவன் அந்தக் கணக்கிலேயே நுழைந்து, குறைந்த உழைப்பில் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். யாருடைய தட்டல் என்று பெண் பிரித்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. தேர்வு என்றவுடன் குறையே இல்லாத நீதிபதியைக் கற்பனை செய்வது நம் பழக்கம். சிலந்திக்கு அப்படி இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்புறம் 2016 வந்தது. ரெட்பேக்கிலும் அதன் நெருங்கிய உறவான பழுப்பு விதவைச் சிலந்தியிலும், ஆண்கள் இன்னும் வயதுக்கு வராத பெண்களோடு இணைசேர்கின்றன என்று ஓர் ஆய்வு காட்டியது. கடைசித் தோலுரிப்புக்குக் கொஞ்சம் முன்னால், பெண்ணின் உறுப்பு உள்ளே உருவாகிவிட்டது, மேலே தோல் மூடியிருக்கிறது. ஆண் அந்தத் தோலைக் கிழித்து விந்தைச் செலுத்திவிடுகிறது. பெண் தோலுரித்த பிறகும் விந்து அப்படியே இருக்கிறது, முட்டைகளும் பொரிகின்றன. நீண்ட தட்டல் இல்லை, கரணம் இல்லை, அநேகமாகத் தின்னப்படுவதும் இல்லை. இது ஆய்வுக்கூடத்து விபத்தும் இல்லை. இயற்கையில் அந்தப் பருவத்துப் பெண்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே இணைசேர்ந்திருந்தன.

எனக்கு இது உவப்பான செய்தி இல்லை. தியாகி ஆண் என்ற கதையை இது காலி செய்துவிடுகிறது, அதில் வருத்தமில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் பெண் என்று நான் ஆசையாகப் பிடித்து வைத்திருந்த சித்திரத்திலும் கை வைக்கிறது. 100 நிமிடத் தேர்வை எழுதாமலேயே தேறிவிடும் வழி இது. பல்லிலிருந்து தப்பிப்பதும் தேர்விலிருந்து தப்பிப்பதும் இங்கே ஒரே காரியம். சிலந்தி உலகம் நமக்குப் பிடித்த நீதியின்படி நடக்கக் கடமைப்பட்டதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் அந்தப் பத்தியை மறுபடி படிக்கப் பிடிக்கவில்லை.

தப்பிக்கும் வித்தைகள்

ஆண்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழிகளைப் பட்டியல் போட்டால் முடியாது. எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சீனாவில் ஆராயப்பட்ட, கூட்டமாக வாழும் ஒரு வலைச் சிலந்தியில், புணர்ச்சி முடிந்த கணத்தில் ஆண் தன் முன்னங்கால்களைப் பெண்ணின் மேல் மடித்து ஊன்றி, விசையோடு விரித்து, தன்னைத்தானே தூக்கி எறிந்துகொள்கிறது. வினாடிக்கு 88 சென்டிமீட்டர் வேகம்வரை. 2022-ல் வெளியான ஆய்வில், பார்த்த 155 புணர்ச்சிகளில் 152-இல் ஆண் இப்படிப் பறந்து தப்பியது. பறக்காத மூன்றும் தின்னப்பட்டன. ஒரு தூரிகையை முதுகுக்குப் பின்னால் வைத்து, பறக்கவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள், அந்த 30 ஆண்களும் செத்தன. இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அடுத்த விஷயம். பறந்த ஆண் ஒரு நூலில் தொங்கிக்கொண்டுதான் பறக்கிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி அதே பெண்ணிடம் திரும்பி வருகிறது, ஆறு தடவை வரைக்கும்கூட! பறக்கத் தெரிகிறதா என்பதையே பெண் ஒரு பரீட்சையாக வைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

ஐரோப்பாவின் ஒரு சிலந்தி பரிசோடு வருகிறது. பூச்சி ஒன்றைப் பிடித்து வெள்ளை நூலால் சுற்றி நீட்டும். பெண் அதைக் கடித்துக்கொண்டிருக்கும்போது ஆண் தன் வேலையைப் பார்க்கும். சில ஆண்கள் உள்ளே சாறு உறிஞ்சி முடித்த சக்கையையோ தாவரத் துண்டையோ சுற்றிக் கொடுத்துவிடும். பிரித்துப் பார்த்து ஏமாற்று என்று தெரிந்தால் பெண் புணர்ச்சியைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். பெண் பரிசைப் பறித்துக்கொண்டு ஓடப் பார்த்தால், ஆண் பரிசைக் கவ்விக்கொண்டு செத்தது போலக் கிடக்கும், இழுபட்டுக்கொண்டே போகும். பெண் நின்று தின்ன ஆரம்பித்ததும் 'உயிர்' வந்துவிடும்.

நம் பக்கத்து ஆசியாவிலும் வாழும் நெஃபிலெங்கிஸ் மலபாரென்சிஸ் என்ற சிலந்தியில் ஆண், கையைப் பெண்ணுக்குள்ளேயே ஒடித்துவிட்டு ஓடிவிடுகிறது. ஒடிந்த கை தன்பாட்டுக்கு விந்தைச் செலுத்திக்கொண்டே இருக்கிறது, வாசலையும் அடைத்துக்கொள்கிறது. தோட்டங்களில் பெரிய வலை கட்டும் ஆர்ஜியோப் இனம் ஒன்றிலோ பெண்ணுக்குக் கொல்லும் வேலையே இல்லை. இரண்டாவது கையை நுழைத்தவுடன் ஆண் தானாகச் செத்துவிடுகிறது, அந்த உடலே கொஞ்ச நேரம் அடைப்பாகத் தொங்குகிறது.

ஆணும் கண்ணை மூடிக்கொண்டு வந்து விழுவதில்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கறுப்பு விதவைச் சிலந்தியில், பெண் பசியாக இருக்கிறதா, நன்றாகத் தின்றிருக்கிறதா என்பதை அதன் நூலிலேயே ஆண் கண்டுபிடித்துவிடுகிறது. வயிறு நிறைந்த பெண்ணைத்தான் விரும்புகிறது. முட்டைகளும் அதிகம், ஆபத்தும் குறைவு.

இதையெல்லாம் தலைகீழாக்கிக் காட்டும் ஒரு சிலந்தி உருகுவே நாட்டு மணல் கரைகளில் இருக்கிறது. அலோகோசா பிரசிலியென்சிஸ். இதில் ஆண் பெரியது, பெண் சிறியது. ஆண் மணலில் ஆழமாக வளை தோண்டி உட்கார்ந்திருக்கும். அலைந்து தேடிப் போவதும் முதலில் காதல் சொல்வதும் பெண். ஆணின் வளை எவ்வளவு ஆழம் என்பது பெண்ணுக்கு முக்கியம், ஏனென்றால் புணர்ச்சி முடிந்ததும் வளை பெண்ணுக்கே சொந்தம், முட்டையிடப் போவது அங்கேதான். ஆண் வெளியே போய் வாசலை வெளியிலிருந்து மூடும், பெண் உள்ளிருந்து மூடும். ஆண் வேறு இடத்தில் மறுபடி முதலிலிருந்து தோண்ட வேண்டும். ஆக, இங்கே செலவு ஆணுடையது. 1972-ல் பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் சொன்ன கருத்து இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. குஞ்சுகளுக்காக யார் அதிகம் செலவழிக்கிறார்களோ அவர்களுக்குப் பொறுக்கி எடுக்கக் காரணமும் அதிகம். அலோகோசா ஆண் அப்படித்தான் பொறுக்குகிறது. இதுவரை இணைசேராத, நல்ல உடல்நிலையில் இருக்கும் பெண்களை ஏற்கிறது. மற்றவை வளை வாசலுக்கு வந்தால் சிலவற்றைப் பிடித்துத் தின்றுவிடுகிறது.